மிஷனெரிப் பிள்ளைகளின் சிரிப்பையும் பதிவுசெய்யுங்கள்

மிஷனெரிச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், ஊழியங்களைத் தாங்கும் சபைகளின் போதகர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

பெற்றோரின் பணித்தளத்தில், அயல்நாட்டில் வளர்ந்தவள் நான். நீங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களை விடாமல் வாசிக்கிறேன். எங்களுக்கு வந்த காய்ச்சல் அவற்றில் இருக்கிறது. விடுதிப் பள்ளிக்குப் புறப்பட்ட நாளின் அழுகை இருக்கிறது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தது மட்டும் எங்கேயும் இல்லை. அதையும் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மிஷனெரிப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால், பணித்தளத்திலிருந்து சொந்த ஊருக்கு வரும் விடுப்புக் காலக் கதைதான் முதலில் வரும். அப்போதெல்லாம் சபை சபையாகப் போவோம். எங்களை மேடையில் ஏற்றி, "அந்த ஊர்ப் பாஷையில் ஒரு பாட்டுப் பாடுங்க கண்ணு" என்பார்கள். ஒரு சபையில் என் அண்ணன், தெருப்பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடும்போது பாடும் கேலிப்பாட்டை எடுத்துவிட்டான். கைகூப்பி, கண்மூடி, ஞானப்பாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் பாடினான். முன்வரிசைப் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர் "ஆமென்" என்றார். கூட்டத்தில் அந்தப் பாஷை தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. பாரத்தோடு ஜெபிக்கிறார் என்று எண்ணி, பக்கத்திலிருந்த சபை அக்கா ஒருவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்!

அப்புறம், எங்களுக்காக ஜெபிக்கும்படி பெற்றோர் ஊரிலுள்ள சபைகளுக்கு எழுதும் ஜெபக் கடிதங்கள். ஆடும் பல், வயிற்றுப்போக்கு, கணக்கில் வாங்கிய மதிப்பெண் எல்லாம் அதில் ஜெபக் குறிப்புகளாகப் போய்ச் சேரும். வருடங்கள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் அண்ணனின் கையைப் பிடித்து, "தம்பி, வயிறு இப்போ பரவாயில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அவர் வீட்டுச் சுவரில் இருந்த, எங்கள் படம் போட்ட ஜெப அட்டையில் அவன் இன்னும் கைக்குழந்தை. (பிள்ளைகளைப் பற்றி அச்சிடும் முன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் வயதுக்கு அது பெரிய மரியாதை.)

வீட்டில் விளையாட்டும் ஊழியம்தான். பொம்மைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் நடக்கும். பூனைக்கும் கொடுத்தோம், அது அன்றைக்கே பின்வாங்கிப்போனது.

இவை துணுக்குகள், வரலாறு ஆகாது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இதைப் பாருங்கள். சீனாவின் சீஃபூவில் 1881 முதல் மிஷனெரிப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை அந்த மாணவர்களையும் ஆசிரியர்களையும் சிறைப்பிடித்தது; 1943-இல் அவர்கள் சீனாவிலேயே இருந்த வெய்ஷியன் சிறைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பல பிள்ளைகளின் பெற்றோர் எங்கோ தொலைவில். அந்த முகாமில் ஈ பிடிக்கும் போட்டியும் எலி பிடிக்கும் போட்டியும் நடந்தன. நோய் பரவாமல் தடுக்கும் வேலை, பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்ற எரிக் லிடில் அங்கே அவர்களுக்கு விளையாட்டுகள் நடத்தினார். அவரே சீனாவின் தியான்ஜினில் பிறந்த மிஷனெரிப் பிள்ளை. 1945 பிப்ரவரியில் முகாமிலேயே இறந்தார். ஆகஸ்டில் பிள்ளைகள் விடுதலையானார்கள். முகாமின் துயரத்தோடு எலி வேட்டையின் குதூகலமும் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், பிழைத்து வந்தவர்கள் முதுமையில் அதையும் சொல்லிவைத்தார்கள், கேட்கவும் ஆள் இருந்தது என்பதால்தான்.

நம் பணித்தளங்களிலும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு வயதாகிவிட்டது. அவர்களைத் தேடிப்பிடித்துப் பேசவிடுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதற்கென்று சில பக்கங்கள் ஒதுக்குங்கள். விடுப்பில் வரும் சிறுவர்களை மேடையில் நிறுத்திப் பாடச் சொல்வதை விட்டு, உங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு உட்காரவைத்து, அங்கே நடந்த வேடிக்கைகளைச் சொல்லச் சொல்லுங்கள். மணி அடித்தாலும் எழும்ப மாட்டார்கள்.

அன்புடன்,
ஒரு மிஷனெரி மகள்