கூச்சம் அல்ல, பலகைச் சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் 'இன் தி மூட் ஃபார் லவ்' என்ற ஹாங்காங் படம் பற்றி வாசகர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். படம் நகரவே இல்லை, பாதியில் எழுந்து துணி தேய்க்கப் போய்விட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரை விட்டுவிடுகிறேன், துணியையும் யாராவது தேய்த்துத்தானே ஆகவேண்டும். என்னை எழுத வைத்தவை மற்ற இரண்டு கடிதங்கள். 'இரண்டு பேருக்கும் தைரியமில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்றால் இரண்டே நாளில் பேசித் தீர்த்திருப்பார்கள்' என்று ஒரு தம்பி. 'இதுதான் கண்ணியமான காதல், நம் பண்பாடும் இதைத்தான் சொல்கிறது' என்று ஒரு பெரியவர். இருவரும் அந்த ஆணையும் பெண்ணையும் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் இருந்த வீட்டைப் பார்க்கவே இல்லை.

கதை 1962ஆம் ஆண்டு ஹாங்காங்கில் தொடங்குகிறது. ஷாங்காயிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஒரு கட்டடம். பத்திரிகையில் வேலை பார்க்கும் சௌ தன் மனைவியோடு ஒரு வீட்டில் அறை எடுக்கிறார், கப்பல் நிறுவனத்தில் செயலாளராக இருக்கும் திருமதி சான் தன் கணவரோடு பக்கத்து வீட்டில் அறை எடுக்கிறார். கவனியுங்கள், வாடகைக்கு எடுப்பது அறையை, வீட்டை இல்லை. வீட்டுக்காரம்மா, சமையற்கார அம்மா, பொழுது போனால் மாஜோங் என்ற சீனர்களின் காய் ஆட்டம் ஆட வந்து உட்காரும் கூட்டம், எல்லாருக்கும் ஒரே குறுகலான நடைதான். திருமதி சானின் கணவர் கட்டும் டையைப் போலவே சௌவிடமும் ஒன்று, சௌவின் மனைவியிடம் இருக்கும் கைப்பையைப் போலவே திருமதி சானிடமும் ஒன்று என்று பேச்சுவாக்கில் தெரியவந்ததும், அந்த மற்ற இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று இவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு இவர்களும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகிறார்கள், ஆனால் சேர்வதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் மேல்மாடியில். எட்டுக் குடும்பங்கள். அறைக்கும் அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரை போகாது, மேலே ஒரு முழம் காற்றுக்காக விட்டிருப்பார்கள், காற்றோடு எல்லாமும் வரும். ராத்திரியில் இருமல் சத்தம் கேட்டால் யாருடைய இருமல் என்று படுத்த இடத்திலிருந்தே சொல்வோம். பின்கட்டில் எட்டு மண்ணெண்ணெய் அடுப்புகள் வரிசையாக இருக்கும், யார் வீட்டில் மாசக் கடைசியில் ஆட்டுக்கறி வேகிறது, பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பொதுச் செய்தி. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் தனியாகப் பேசவேண்டும் என்றால் எங்கே போய்ப் பேசுவார்கள்? தம்பி அதை யோசிக்கவில்லை. அவருக்கு அறைக்கதவு இருக்கிறது, கையில் கைப்பேசி இருக்கிறது.

படத்தில் அந்தப் பெண் சாயங்காலமானால் ஒரு தூக்கை எடுத்துக்கொண்டு நூடுல்ஸ் வாங்கக் கீழே போவார். நல்ல சியோங்சாம், அதுதான் உடம்போடு ஒட்டித் தைத்த சீன உடை, உடுத்தி, தலை கலையாமல், படிக்கட்டில் மெதுவாக இறங்குவார், ஏறி வருகிற சௌ ஒதுங்கி வழிவிடுவார். நூடுல்ஸ் வாங்க எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று எங்கள் வீட்டில் ஒருவர் கேட்டார். எனக்கு அங்கே கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் எங்கள் மாடியில் ஓர் அக்கா இருந்தார், அவரும் அப்படித்தான். கையில் தூக்கு இருந்தால் ஒரு பெண் எந்நேரமும் வெளியே போகலாம், 'எங்கே போறே' என்று யாரும் கேட்கமாட்டார்கள். கீழே ஒரு ஆள் நின்று ரெண்டு வார்த்தை பேசினால் தூக்கை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார், மேலே ஜன்னலிலிருந்து யார் பார்த்தாலும் முதலில் தூக்குதான் தெரியும். அது சோறு வாங்குகிற பாத்திரம் மட்டுமில்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை என் வீட்டில் கூடிப் படம் பார்ப்போம். தமிழ் வசனம் கிடையாது என்பதால் திரையில் வரும் ஆங்கிலத்தைப் பேத்தி படித்துத் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. பாதிப் படத்துக்கு அவளுக்கு வேலையே இல்லை, யாரும் பேசினால்தானே. சௌவின் அறையில் திருமதி சான் இருக்கும்போது வீட்டுக்காரர்கள் எதிர்பாராமல் திரும்பி வந்து மாஜோங் ஆட உட்கார்ந்துவிடுவார்கள், ஆட்டம் விடிந்தும் முடியாது, அவர் அறையை விட்டு வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்வார். பேத்தியும் அவள் தோழியும் அங்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'கதவைத் திறந்து ஹாய் சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே பாட்டி.' சோபாவில் இருந்த நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. என் நாத்தனார் கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் அப்படியே வைத்திருந்தார், சத்தம் கேட்டுவிடும் என்பதுபோல.

அப்புறம் வீட்டுக்காரம்மா ஒருநாள் திருமதி சானைக் கூப்பிட்டுச் சொல்வார், இள வயதில் சந்தோஷமாக இருக்கவேண்டியதுதான், ஆனால் அளவோடு இருக்கட்டும் என்கிற மாதிரி. திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, பாசமாகத்தான் சொல்கிறார். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து திருமதி சான் வெளியே போகாமல் மாஜோங் ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறார். கண்ணியம் என்று எழுதிய பெரியவர் இந்தக் காட்சியை மறுபடி பார்க்கவேண்டும். தங்களை ஏமாற்றியவர்களை நினைத்து, 'நாம் அவர்களைப்போல ஆகிவிடக்கூடாது' என்று அந்த இருவரும் பேசிக்கொள்வது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணியத்தில் பாதி பக்கத்து அறைக்காரர்கள் கொடுத்தது. நம் அகப்பாட்டில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், நாலு பேர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரே பேசினால் அலர். ஒரு வித்தியாசம், அங்கே அலர் எழுந்துவிட்டது என்று சொல்லித் தோழி கல்யாணத்துக்கு அவசரப்படுத்துவாள். இங்கே இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகித்தொலைந்துவிட்டதே!

இன்னொரு குறையும் சென்ற இதழில் படித்தேன், கதாநாயகன் 1963இல் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறார், ஆனால் சிங்கப்பூரையே காட்டவில்லை என்று. ஓர் அறை, ஒரு சாப்பாட்டுக் கடை, பத்திரிகை அலுவலகம், கிட்டத்தட்ட அவ்வளவுதான். பழைய ஹாங்காங்கே ஹாங்காங்கில் கிடைக்காமல் தெருக்காட்சிகளில் பலவற்றை பேங்காக்கில் போய் எடுத்திருக்கிறார் இயக்குநர் வோங் கார் வாய், இதில் பழைய சிங்கப்பூருக்கு எங்கே போவார்? இங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டும் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தொடங்கியது 1960இல், 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்த பிறகு வேலை இன்னும் மும்முரமானது, அவர் வந்து இறங்கும் ஊர் அப்போதே மாறிக்கொண்டிருந்தது. நாங்கள் 1970இல் தோ பாயோவில் மூவறை வீட்டுக்கு வந்தோம். முதல் ராத்திரி அம்மா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து படுத்தார், தூக்கம் வரவில்லை, எழுந்து போய்த் திறந்து வைத்துவிட்டு வந்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது என்றார்.

1966இல் சௌ அந்தப் பழைய கட்டடத்துக்குத் திரும்பி வருவார். தான் குடியிருந்த வீட்டுக்காரர்கள் பிலிப்பீன்ஸுக்குப் போய்விட்டார்கள், பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால் ஒரு பெண்ணும் அவள் மகனும் என்று பதில் வரும். கதவு எதிரிலேயே இருக்கிறது. வீட்டுக்காரம்மா இல்லை, மாஜோங் இல்லை, ஊர் இல்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். தம்பி இந்த இடத்தில் 'தைரியமில்லை' என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எங்கள் வீட்டில் சண்டை வேறு விஷயத்துக்கு வந்தது. அந்தப் பையன் யாருடைய பிள்ளை? நாத்தனார் விரல்விட்டு வருஷம் எண்ணி ஒரு முடிவுக்கு வந்தார், எதிர்வீட்டு அக்கா அதெல்லாம் கிடையாது, அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்றார், எனக்குத் தெரியாதா அவளைப்பற்றி என்று இவர், ஏதோ எங்கள் புளோக்கில் குடியிருக்கும் பெண்ணைப்பற்றிப் பேசுவதுபோல. செருப்பு மாட்டும்போதும் ஓயவில்லை, லிஃப்ட் வரை கூடவே போய் நின்றேன். கதவு திறந்தது, உள்ளே நாலாவது மாடித் தமிழம்மா மார்க்கெட் பையோடு நின்றிருந்தார். இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, 'என்னங்க, மீன் நல்லா இருக்கா?' என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ