மஞ்சள் கருவைக் கொட்டிவிடாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. கிறிஸ்துமஸ் அன்று லிஸ்பனில் நீ போகும் கோயிலில் அவரவர் ஊர்ப் பலகாரம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருப்பதாகவும், நீ நம் தூத்துக்குடி மக்ரூன் செய்யப்போவதாகவும் போனில் சொன்னாய். போனில் அளவு சொன்னால் பாதியைத்தான் நீ காதில் வாங்குவாய் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

ஆறு முட்டையின் வெள்ளைக் கரு, பொடித்த சர்க்கரை 300 கிராம், முந்திரிப்பருப்பு 250 கிராம், இவ்வளவுதான். பாத்திரத்தை எலுமிச்சைத் துண்டால் தேய்த்துத் துடைத்துக்கொள். அதில் எண்ணெய்ப் பிசுக்கோ, ஒரு சொட்டு மஞ்சள் கருவோ இருந்தால் நுரை எழும்பாது. முந்திரியை மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்றி, ரவை போலக் கொரகொரப்பாக எடுக்க வேண்டும். ஒரு வருடம் நான் அவசரத்தில் ஒரேயடியாக ஓடவிட்டு, பருப்பு எண்ணெய் கக்கி, நுரை முழுவதும் அமுங்கித் தட்டில் பணியாரமாகப் பரவியதை நீ மறந்திருக்கமாட்டாய். உன் அப்பா இன்றும் மறக்கவில்லை. வெள்ளைக் கருவை அடித்து, சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும் முந்திரியை அமுக்காமல் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பி, நுனி கூர்மையாக நிற்கும்படி சிறிது சிறிதாகப் பிழிந்துவிடு. அடுப்பை 110 டிகிரிக்கு மேல் ஏற்றாதே. ஒன்றரை மணி நேரம் கழித்து அணைத்துவிட்டு, திறந்து பார்க்காமல் இரவு முழுக்க உள்ளேயே விட்டுவிடு. மக்ரூன் வேகிற பண்டம் அல்ல, காய்கிற பண்டம். ஆறியவுடன் டப்பாவில் போட்டு இறுக மூடு. உங்கள் ஊர்க் குளிர்கால ஈரமும் நம் ஊர்க் கடல்காற்றும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

இப்போது உன் கையில் ஆறு மஞ்சள் கரு மிஞ்சியிருக்கும். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இங்கே இத்தனை வருடமும் அதை ஆம்லெட்டுக்கோ பக்கத்து வீட்டுப் பூனைக்கோ கொடுத்துவந்தேன். உன்னைப் பார்க்க வந்தபோது போர்ச்சுகலில் அவெய்ரோ என்ற ஊருக்கு அழைத்துப்போனாயே, அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. ரயிலை விட்டு இறங்கிச் சற்று நடந்ததும் உப்பளமும் வாய்க்காலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியலும் தெரிய, தூத்துக்குடிக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று உன் அப்பா கேட்டார். அந்த ஊரின் இயேசு கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் செய்ததாகச் சொல்லப்படும் ஓவுஷ் மோலெஷ் என்ற இனிப்பை நீ வாங்கிக் கொடுத்தாய். பூசையில் நன்மையாக நாக்கில் வாங்கும் அப்பம் இருக்கிறதே, மாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த அதே மெல்லிய அப்பத்தைச் சிப்பியாகவும் மீனாகவும் அச்சில் வார்த்து, உள்ளே மஞ்சள் கருவும் சர்க்கரைப் பாகும் கிளறியதை நிரப்பியிருந்தார்கள். எடுத்து வாயில் வைத்தேன், கடிக்க முடியவில்லை. முதல் நன்மைக்குத் தயாரித்த சிஸ்டர், அப்பம் பல்லில் படக்கூடாது, நாக்கில் கரைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது ஐம்பது வருடம் கழித்தும் தாடையைப் பிடித்துக்கொண்டது. நீ சிரித்தாய். நான் அந்த மீனைக் கரையக் கரையத்தான் சாப்பிட்டேன்.

அந்நாட்டு மடங்களில் துறவு உடைக்குக் கஞ்சி போடவும் திராட்சை மதுவைத் தெளிய வைக்கவும் வெள்ளைக் கருவைச் செலவழித்துவிட்டு, மிஞ்சிய மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு கிளறித்தான் இத்தனை இனிப்புகளையும் உண்டாக்கினார்கள் என்று நீதான் எனக்கு விளக்கினாய். 1834இல் அரசாங்கம் துறவு மடங்களைக் கலைத்தபின் அந்தக் கைப்பக்குவம் வெளியே வந்ததும், லிஸ்பன் ஜெரோனிமுஷ் மடத்துக்குப் பக்கத்தில் 1837இல் தொடங்கிய பெலேம் இனிப்புக் கடையில் நாம் வரிசையில் நின்றதும் நினைவிருக்கிறது. அவர்களுக்கு மிஞ்சியது மஞ்சள், நமக்கு மிஞ்சுவதும் மஞ்சள். ஆனால் அவர்கள் வெள்ளையை உடைக்குப் போட்டார்கள். நாம் மக்ரூனுக்குப் போடுகிறோம். நம்முடையதே நல்ல செலவு என்பது என் கட்சி. 1658இல் டச்சுக்காரர்கள் வந்து தூத்துக்குடியைப் பிடிக்கும்வரை இங்கிருந்த போர்ச்சுகீசியர்தாம் பிரேசிலிலிருந்து முந்திரியையும் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள். ஆகவே மற்ற ஊர் மக்ரூனில் போடும் பாதாமை நினைத்து ஏங்காமல் முந்திரியையே போடு; அதுவும் அந்த வழியாக வந்ததுதான்.

மஞ்சள் கருவுக்கு அளவு இது. சர்க்கரை 150 கிராமை அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் காய்ச்சி, கம்பிப் பதம் வந்ததும் இறக்கிக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடு. சூடாக ஊற்றினால் முட்டைப் பொரியலாகிவிடும். உடைத்துக் கலக்கிய ஆறு கருவில் பாகை நூலாக ஊற்றிக் கிளறி, சிறு தீயில் வைத்து, கரண்டியால் கீறினால் பாத்திரத்தின் அடி தெரியும்வரை கையெடுக்காமல் கிண்டு. நான் போன வாரம் செய்து பார்த்தேன். அப்பச் சிப்பி இல்லாததால் இரண்டு மக்ரூனின் அடிப்பாகத்தில் தடவி ஒட்டிக் கொடுத்தேன். பாட்டி நான்கு சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை நோய் மாத்திரையைக் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அங்கே பெரும்பாலான வீடுகளில் உப்புக்கண்டமான கோட் மீனை உருளைக்கிழங்கோடும் முட்டைக்கோசோடும் அவித்துச் சாப்பிடுவார்கள் என்றாயே, அதையும் சீலாக் கருவாட்டில் செய்தேன். உன் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, குழம்பு எங்கே என்றார். அதை இனி இந்த வீட்டில் செய்வதாக இல்லை.

வரும்போது அவெய்ரோ இனிப்பு ஒரு பெட்டி வாங்கி வா. பாட்டியும் கடிக்கமாட்டார், கரைத்துச் சாப்பிடட்டும்.

அன்புடன்,
அம்மா