லாரியின் எஞ்சினை மாற்றி, சேஸிஸ் எண்ணை அழித்தது குறித்த புகார்

அனுப்புநர்:
1967 மாடல் 1210 லாரியின் வாடிக்கையாளர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பழைய வாகனச் சீரமைப்புப் பிரிவு.

ஐயா,

வணக்கம். கடந்த ஆடி மாதம் என் அப்பாவின் டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் 1210 லாரியைச் சீரமைக்கத் தங்களிடம் விட்டேன். பேசிய தொகை 6,80,000 ரூபாய். அதில் 4,50,000 ரூபாய் கட்டிவிட்டேன். ரசீது நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை வேலை முடிந்தது என்று தகவல் வந்ததால் பார்க்க வந்தேன். வண்டி பளபளவென்று நின்றது. கிட்டப் போய்ப் பார்த்த பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை.

பானெட்டைத் தூக்கியதும் சிலிண்டர் ஹெட்டில் ஹீட்டர் பிளக் ஒன்றுகூட இல்லை. எங்கள் வண்டியில் இருந்தது 312 எஞ்சின். அதில் டீசல் நேராக பிஸ்டன் மேல் பாயாது. ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன அறையில் பற்றிக்கொண்டு, அப்புறம்தான் சிலிண்டருக்குள் இறங்கும். அந்த அறையைச் சூடாக்கத்தான் ஹீட்டர் பிளக். மார்கழிக் காலையில் அப்பா அதைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் ஸ்டார்ட்டரைத் தொடுவார். நீங்கள் மாட்டியிருப்பது 697 எஞ்சின். 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 5675 சி.சி., டீசல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பாயும் வகை. எங்களுடையது 90 மி.மீ. போர், 4580 சி.சி. 697 நல்ல எஞ்சின்தான், இழுவையும் அதிகம். லோடு அடிக்கிற வண்டிக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். இந்த வண்டி இனி லோடு ஏற்றப்போவதில்லை என்று முதல் நாளே சொன்னேன்.

"பழைய பிளாக்கில் விரிசல் சார், ஸ்பேரும் கிடைக்காது" என்றார் உங்கள் மேற்பார்வையாளர். விரிசல் இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். வார்ப்பிரும்பு பிளாக்கில் விழுந்த விரிசலைச் சூடுபடுத்தாமலே, வரிசையாகத் துளை போட்டு உலோகத் திருகுகளை இறுக்கி அடைக்கிற முறை இருக்கிறது. நேரமும் செலவும் கூடுதலாகும். அதைத் தருவதா வேண்டாமா என்று நான்தானே சொல்ல வேண்டும்? பழைய எஞ்சின் எங்கே என்று கேட்டதற்கு, "பின்னாடி எங்கேயாவது கிடக்கும்" என்றார்.

இதைவிடப் பெரிய கேடு சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் நடந்திருக்கிறது. வலப்பக்கச் சட்டத்தில், முன் சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் எண் குத்தப்பட்டிருந்தது. துரு எடுக்கிறேன் என்று மணலைப் பீய்ச்சி அடித்து (சாண்ட் பிளாஸ்டிங்), அதற்கு மேல் கிரைண்டரும் போட்டு, பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டார்கள். விரலால் தடவிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்குச் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். இப்போது எதன் மேல் காகிதத்தை வைப்பது? எஞ்சின் எண்ணும் பொருந்தாது, சேஸிஸ் எண்ணும் கிடையாது. மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் இதைத் திருட்டு வண்டி என்றுதான் நினைப்பார்.

நான் பதறியதைப் பார்த்து, "நம்பர்தானே சார், பஞ்ச் பண்ணிக் கொடுத்துடறோம்" என்றார்கள். தயவுசெய்து அந்த வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் எண் குத்துவது குற்றம். அதோடு, கடைசி வாய்ப்பும் போய்விடும். எண்ணைக் குத்தும்போது மேல்பரப்பு மட்டுமல்ல, அதன் அடியில் இருக்கும் இரும்பும் அமுங்குகிறது. மேலே தேய்த்துவிட்டாலும் அமிலக் கரைசல் பூசினால் அந்த அமுக்கம் மங்கலாகத் தெரியும். தடய அறிவியல் ஆய்வகங்களில் அழிக்கப்பட்ட எண்களை இப்படித்தான் மீட்கிறார்கள். நீங்கள் எவ்வளவு ஆழம் தேய்த்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் என் எண் திரும்பக் கிடைக்கும்.

முகப்பில் இருந்த பென்ஸ் நட்சத்திரச் சின்னத்தைக் கழற்றிவிட்டு டாடாவின் 'டி' சின்னத்தை மாட்டியிருக்கிறீர்கள். டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) மெர்சிடிஸ்-பென்ஸ் வண்டிகளைச் செய்த ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் 1954-ல் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கின. அது 1969-ல் முடிந்த பிறகுதான் நட்சத்திரம் போய் 'டி' வந்தது. 1967 வண்டிக்கு 'டி' மாட்டினால் அதன் வயதையே மாற்றிச் சொன்னதாகும். எங்கள் ஊரில் லாரித் தொழிலில் இருக்கும் பெரியவர்கள் யாரும் தெருமுனையிலிருந்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேபின் நெற்றியில் 'முருகன் துணை' என்று இருந்ததையும் சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். நாமக்கல்லில் பாடி கட்டியபோது பெயின்டர் பிரஷ்ஷால் எழுதிய எழுத்து அது. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு பம்பாய் போய் வந்த காலமெல்லாம் அந்த எழுத்துக்குக் கீழேதான் அப்பா உட்கார்ந்திருந்தார். அதற்கு நஷ்ட ஈடு கேட்க எனக்குத் தெரியவில்லை.

வேலைத்தாளின் இரண்டாம் பக்கத்தில் நான் கைப்பட எழுதியது இது: "சேஸிஸ் எண், எஞ்சின், முகப்பு நட்சத்திரம், நெற்றி எழுத்து ஆகியவற்றை என்னைக் கேட்காமல் தொடக் கூடாது." கீழே உங்கள் நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. நான்கையும் தொட்டிருக்கிறீர்கள்.

பழைய வாகனங்களுக்கென்று மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விண்டேஜ் பதிவு, 50 வருடம் தாண்டிய இருசக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும்தான். லாரிக்கு அதில் இடமில்லை. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஆர்.சி. புத்தகமும் இரும்பில் குத்திய எண்ணும்தான் ஆதாரம். அப்பா அந்தப் புத்தகத்தை பீரோவில் பத்திரத்தோடு வைத்திருந்தார்.

நான் கேட்பது இதுதான். பழைய 312 எஞ்சினை ஹெட், டீசல் பம்ப் உட்பட அப்படியே ஒப்படைக்க வேண்டும். 697-ஐ உங்கள் செலவில் இறக்கிக்கொள்ள வேண்டும். நட்சத்திரத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும். சேஸிஸ் எண் எப்படி அழிந்தது என்பதை உங்கள் முகவரித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதை வைத்துத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி விண்ணப்பிக்க முடியும். எண்ணை மீட்க ஆகும் செலவும் உங்களுடையது. மீதி 2,30,000 ரூபாயை இதெல்லாம் முடியும் வரை கட்ட மாட்டேன். 15 நாளில் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

வருகிற வியாழன் காலை 10 மணிக்கு, அப்பாவோடு இந்த வண்டியில் 20 வருடம் ஓடிய பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பழைய எஞ்சினை அவர் பார்த்துச் சொல்வார். அதுவரை அதைக் கழுவ வேண்டாம், எண்ணெயும் கரியுமாக அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்