பெட்ரோல் செலவு உங்களுடையது, சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பொங்கலன்று பந்தியில் "பாண்டிச்சேரி அன்னை யூதராமே" என்று நான் வாயைத் திறந்ததும் நீங்கள் அப்பளத்தை நொறுக்கிய வேகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "அன்னை பிரெஞ்சுக்கார அம்மாடா! நீ சொல்றது நிஜம்னா இந்தத் தடவை தரிசனத்துக்குப் போகவர பெட்ரோல் என் செலவு" என்றீர்கள். சித்தி சாட்சி.

சரி, கேளுங்கள். 1878 பிப்ரவரி 21 அன்று பாரிஸில் பிறந்தார். அதுவரை உங்கள் பேச்சு சரி. இயற்பெயர் மிர்ரா அல்ஃபாஸா. அப்பா மொரிஸ் துருக்கி யூதர், அம்மா மத்தில்த் எகிப்து யூதர். மகள் பிறப்பதற்கு முந்தைய வருடம்தான் எகிப்திலிருந்து பாரிஸுக்குக் குடிபோனார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் "எகிப்துக்கார அம்மாடா" என்று அடித்துச் சொல்லியிருப்பீர்கள்.

யூதர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு: அம்மா யூதர் என்றால் பிள்ளையும் யூதர். நம் வீட்டு வழக்கத்துக்கு நேர் எதிர். ஆக, வழக்கைத் தீர்த்து வைப்பவர் அன்னையின் அன்னை.

உங்கள் கட்சிக்கும் ஒரு பாயிண்ட் இருக்கிறது, மறைக்கமாட்டேன். அந்த வீட்டில் சாமியே கிடையாது. இளம் வயதில் தானும் முழு நாத்திகராக இருந்ததாக அன்னையே சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் 1914 மார்ச் 29 அன்று பாண்டிச்சேரியில் அரவிந்தரைப் பார்த்தது. (கூட வந்த கணவர் போல் ரிஷார் தேர்தலில் நின்று தோற்றது தனிக்கதை.) 1920இல் திரும்பி வந்தவர் 1973இல் மறையும்வரை இங்கேயேதான்.

எனக்கு ஆச்சரியம் அன்னையைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றி. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மூன்று தலைமுறை விசாரித்தீர்கள். அவர்கள் குலதெய்வக் கோயில் பூசாரியைக்கூட விடவில்லை. முப்பது வருஷமாகப் பூஜை அறையில் இருப்பவரின் அப்பா பேரைக் கேட்கத் தோன்றவில்லையே! நாகலிங்கப்பூ செல்வ வளம், துளசி பக்தி என்று அவர் பூக்களுக்கு வைத்த பெயர்கள் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

நேற்று போனில் எல்லாவற்றையும் சித்தியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும், வரும்போது நாகலிங்கப்பூ கிடைக்குமான்னு பாரு. ஒரு வாரமா செம்பருத்திதான் வெக்கிறேன்" என்றார்.

பிப்ரவரி 21 காலை நாலு மணிக்கு வண்டியோடு வாசலில் நிற்பேன். டேங்க் காலியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்