எல்ஜிய விட்டுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த பழைய ஃபிலிம் கேமரா கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சட்டப்பைல போடுற சைஸ்ல 24க்கு 36 மில்லிமீட்டர் படம் எடுக்குற கேமரான்னாலே 1966ல வந்த ரோலை 35ங்கற கேமராலதான் கதை ஆரம்பிக்குதுங்கற மாதிரி எழுதியிருந்தீங்க, அத என்னால ஏத்துக்க முடியல. ஃப்ரான்ஸ்ல லூமியேர் கம்பெனி 1937லயே எல்ஜிங்கற குட்டி கேமராவ கொண்டுவந்துடுச்சு, படத்தோட அளவும் அதே 24க்கு 36 தான்.

எல்ஜின்னதும் டிவி கம்பெனின்னு நினைச்சுடாதீங்க. 1911ல லூமியேரும் ஜூக்லாங்கற இன்னொரு ஃபோட்டோ கம்பெனியும் ஒண்ணா சேந்தாங்க, அந்த ரெண்டு பேரோட முதல் எழுத்து எல், ஜே, ஃப்ரெஞ்ச்ல ஜேங்கற எழுத்த ஜின்னு தான் சொல்லுவாங்க, அப்படி வந்த பேரு.

என்கிட்ட ஒண்ணு இருக்கு, லியோன் பக்கம் ஒரு பழைய சாமான் சந்தைல வாங்கினது. உள்ளங்கைல வெச்சு விரல மடக்குனா கிட்டத்தட்ட மறஞ்சே போயிடும். முன்னாடி இருக்குற லென்ஸ் குழாய பிடிச்சு வெளிய இழுக்கணும், லிப்பார்ங்கற 40 மில்லிமீட்டர் லென்ஸ், தூரத்த நம்மளே கண்ணால கணக்கு போட்டு மீட்டர் எண்ணுல வெக்கணும். குழாய முழுசா இழுக்காம எடுத்தா படம் மங்கிடும்.

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் எல்ஜி கிளப்னு ஒண்ணு வந்துச்சு, மேல மூடி போட்டு கண்ண வெச்சு பாக்குற வியூஃபைண்டர அதுக்குள்ளயே வெச்சுட்டாங்க, பாக்க லட்சணமா இருக்கும், ஆனா எனக்கு அந்த மொத எல்ஜி தான் பிடிக்கும், அவ்ளோ சின்னதுல தேவையானத மட்டும் வெச்சிருக்காங்க.

இத பத்தி யாரும் எழுதாததால நடக்குற ஒரு விஷயம் தான் என் நிஜமான ஆதங்கம். கடைல விக்கிற சாதா 35 மில்லிமீட்டர் ஃபிலிம் ரோல் இதுக்குள்ள போகாது, ஓரத்துல ஓட்டை இல்லாத, பேப்பர் ஒட்டுன தனி சுருள் வேணும், ஒரு சுருள்ல 8 படம் தான். அந்த ஃபிலிம் நின்னு எத்தனையோ வருஷமாச்சு. இப்ப படம் எடுக்கறவங்க இருட்டு ரூம்ல வேற ஃபிலிம அளவா வெட்டி, பழைய பேப்பரோட சேத்து பழைய ஸ்பூல்லயே, அதாவது ஃபிலிம் சுத்துற உருளைலயே, சுத்திப் போடுறாங்க. அப்ப அந்த ஒரு துண்டு ஸ்பூலும் பேப்பரும் இல்லேன்னா கேமரா வெறும் பொம்மை தானே? நான் வாங்குன அன்னிக்கு விக்கிறவர் பின்மூடிய திறந்து, உள்ள இருந்த ஸ்பூல குப்பைன்னு நினைச்சு தரைல தட்டிவிட்டுட்டார், குனிஞ்சு மேஜைக்கு அடில தேடி எடுத்தேன், பேப்பர்ல 1லேந்து 8 வரைக்கும் எண்ணு அப்படியே இருந்துச்சு. அதுல தான் இன்னிக்கும் ஃபிலிம் சுத்துறேன்.

அதனால அடுத்த இதழ்ல எல்ஜிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்க, பழைய கேமரா வாங்குறவங்க உள்ள இருக்குற ஸ்பூல தூக்கிப் போட வேணாம்னும் சேத்து போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
லியோன், ஃப்ரான்ஸ்