மிருதங்கத்தோடு லண்டன் வர நினைக்கும் மருமகனுக்கு

உ

ஹாரோ, லண்டன்

அன்பு மருமகனுக்கு மாமா எழுதிக்கொண்டது. இங்கு அத்தையும் பிள்ளைகளும் சுகம். அங்கு அக்கா, அத்தான், ஆச்சி எல்லாரும் சுகம்தானே? ஆச்சிக்கு முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

லண்டனில் மிருதங்கம் வாசித்தே பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். ஆனால் கச்சேரி வாசிப்பு மட்டும் இங்கே யாருக்கும் சோறு போடாது. வகுப்பு, அரங்கேற்றம், கோயில், பள்ளிக்கூடம், கூடவே ஒரு சம்பள வேலை என்று நாலைந்து வாய்க்காலில் வரும் தண்ணீர் சேர்ந்துதான் வயல் நனையும். எது எந்த மாதம் வற்றும் என்று தெரிந்தவன் நிற்பான். தெரியாமல் வருகிற நல்ல வித்வான்கள்கூட இரண்டு வருஷத்தில் மிருதங்கத்தை விட்டுவிட்டு முழுநேரக் கிடங்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். உனக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் விசா. படிப்பு விசாவில் போய் சனி ஞாயிறு கச்சேரி வாசித்துச் சம்பாதிக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது நடக்காது. டிகிரிப் படிப்புக்கு வருகிறவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், அதுவும் ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு. சுயதொழில் கூடாது, மேடைக் கலைஞராகக் காசு வாங்கவும் கூடாது. வீட்டுக்குப் போய் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து 20 பவுண்டு வாங்கினாலும் அது சுயதொழில்தான். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வேலைக்கு வந்தவருக்கும் இஷ்டப்படி சுயதொழில் செய்ய உரிமை இல்லை. அவருடைய கணவனோ மனைவியோ கூட வந்தால் அவர்களுக்கு உண்டு. இங்கே வாசித்துப் பிழைக்கிற நம் ஆட்களில் பலர் நர்ஸ் வேலைக்கு வந்த மனைவியோடு வந்தவர்கள், இல்லையென்றால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்கியவர்கள்.

வாரம் இப்படி ஓடும். பள்ளிக்கூடம் மூன்றேகால், மூன்றரைக்கு விடும். அதனால் வகுப்பு எல்லாம் மாலை நாலிலிருந்து எட்டுக்குள். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளிகளில் கூட்ட வகுப்பு, மதியம் ஒத்திகை. ஞாயிறு கோயில் அல்லது அரங்கேற்றம். காலை நேரம் சும்மா கிடப்பதால் பலர் சூப்பர் மார்க்கெட்டில் அதிகாலை ஷிப்ட் எடுக்கிறார்கள். சம்பளத்தோடு விடுமுறைக் காசும் வரும், உடம்புக்கு முடியாவிட்டால் ஏதாவது கிடைக்கும். சுயதொழிலில் கை விரல் வெடித்து ஒரு வாரம் வாசிக்க முடியவில்லை என்றால் அந்த வாரம் பூஜ்யம்தான். ஆனால் பெட்டி தூக்குகிற வேலையை எடுக்காதே. மணிக்கட்டுதான் நம் மூலதனம்.

பிள்ளைகளில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். சின்னப் பிள்ளையைக்கூட 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார்கள், நீயும் அப்படியே பேசிப் பழகிக்கொள். பயிற்சியில் கண்டிப்பானவர்கள், மிருதங்கத்துக்கே தனியாக அரங்கேற்றம் வைப்பார்கள். கட்டணத்தை வகுப்புக்கு வகுப்பு வாங்காதே. பருவத்துக்குப் பத்து அல்லது பன்னிரண்டு வகுப்பு என்று முன்கூட்டியே வாங்கு. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் வராவிட்டால் அந்த வகுப்பு கழியும் என்று முதல் நாளே எழுதிக் கொடு. பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கப் போனால் டி.பி.எஸ். என்ற குற்றப்பதிவுச் சான்று இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

ஜூமில் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜூம் மனிதக் குரலுக்காகச் செய்தது. மிருதங்கச் சொல்லை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். வலது பக்கத்து 'நம்' கேட்கும், இடது பக்கத்து 'தொம்' கேட்காது, பிள்ளை தப்பாக அடிக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இரண்டு பக்கமும் போட வேண்டும். ஒலி கொஞ்சம் தாமதித்து வருவதால் சேர்ந்து வாசிக்கவும் முடியாது. நீ வாசி, பிள்ளை திருப்பி வாசிக்கட்டும், தாளம் பிள்ளை வீட்டிலேயே ஓடட்டும்.

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வாசிப்பதுதான் பெரிய காசு என்று எல்லாரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 பவுண்டு பேசியிருக்கிறார்கள் என்று வை. ஆறு ஒத்திகை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம்: 18. ஒத்திகைக்கும் அரங்கேற்றத்துக்கும் சேர்த்து ஏழு தடவை போய்வர, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம்: 14. அரங்கேற்ற நாளில் மைக் பார்ப்பதிலிருந்து மாலை மரியாதை முடிகிறவரை எட்டு மணி நேரம். மொத்தம் 40. மணிக்கு 15 பவுண்டு. கார் செலவைக் கழி: ஒரு வழிக்கு 20 மைல் என்றால் மொத்தம் 280 மைல், வரிக் கணக்குக்கு ஒத்துக்கொள்கிற மைலுக்கு 45 பென்ஸ் வீதம் 126 பவுண்டு. மிச்சம் 474, மணிக்கு 11 பவுண்டு 85 பென்ஸ். ஏப்ரல் 2025-இல் இந்த நாட்டில் 21 வயது நிரம்பியவர்களுக்குச் சட்டப்படி வைத்த குறைந்தபட்சக் கூலியே 12 பவுண்டு 21 பென்ஸ். வீட்டில் உட்கார்ந்து ஜதியைப் பாடம் பண்ணிய நேரம் இதில் சேரவே இல்லை.

ஆகவே தொகையை விட ஒத்திகை எண்ணிக்கையைத்தான் முதலில் பேச வேண்டும். நாலு ஒத்திகை கட்டணத்துக்குள், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனி என்று சொல். ஜதி சொல்லி ஆட்டுவிக்கும் நட்டுவனாரிடம் வர்ணத்தில் வரும் ஜதித் தீர்மானங்களை எழுத்திலும் ஒலிப்பதிவிலும் வாங்கிவிட்டால் முதல் இரண்டு ஒத்திகை மிச்சம். பாடுகிறவர் சுருதி எத்தனை கட்டை என்று அன்றைக்கே கேள். ஆண் குரல் ஒன்று, ஒன்றரை. பெண் குரல் ஐந்து, ஐந்தரை. தாழ்ந்த சுருதிக்குத் தக்கு ஒன்று, உயர்ந்த சுருதிக்கு எச்சு ஒன்று என்று இரண்டு மிருதங்கம் இல்லாமல் இங்கே தொழில் கிடையாது. நம் ஊரில் கோயில் கொடைக்கு மேளமோ வில்லுப்பாட்டோ பேசும்போது அச்சாரம் வாங்காமல் தேதி கொடுப்பார்களா? இங்கேயும் கால் பங்கு அச்சாரம் வாங்கு. கவரில் வெற்றிலை பாக்கோடு காசு தந்தாலும் ரசீது எழுதிக் கொடு. அதுவும் வருமானம்தான், கணக்கில் வர வேண்டும்.

வருஷத்தின் போக்கு நம் கொடைக் காலம் மாதிரியே ஏறி இறங்கும். ஜூலைக் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் செப்டம்பர் வரை வகுப்பு இல்லை. பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதே நேரத்தில்தான் அரங்கேற்றங்கள் குவியும், ஹைகேட் முருகன் கோயில், ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் திருவிழாக்களும் வரும். (நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர்ப் பக்கம் என்று சொன்னால் அங்கே வரும் நாகசுர வித்வான்கள் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள்.) டிசம்பர் கடைசியில் வகுப்பும் இல்லை, மேடையும் இல்லை. அதற்கு அடுத்த மாதம் வரி.

வரியைக் கவனமாகப் படி. வரி வருஷம் ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடியும். அந்த வருஷத்தில் சுயதொழில் வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால், அடுத்த அக்டோபர் 5-க்குள் பதிவு செய்ய வேண்டும். கணக்கைக் கொடுத்துப் பணமும் கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. கணக்குக் கொடுப்பது ஒரு நாள் தவறினாலும் 100 பவுண்டு அபராதம். பலரும் மாட்டிக்கொள்வது முதல் ஜனவரியில்தான்: கட்ட வேண்டியது 1,000 பவுண்டுக்கு மேல் போனால் பெரும்பாலும் அடுத்த வருஷத்துக்கான பாதியையும் அன்றைக்கே முன்பணமாகக் கேட்பார்கள், மறுபாதி ஜூலை 31-இல். அதாவது 2,000 வரும் என்று இருந்தவன் 3,000 எடுத்து வைக்க வேண்டும். இன்னொன்று. வரியில்லாத 12,570 பவுண்டு வரம்பு ஒரே ஒரு தடவைதான். அது சூப்பர் மார்க்கெட் சம்பளத்திலேயே தீர்ந்துவிட்டால், வாசிப்பில் செலவு போக மிஞ்சும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 20 பென்ஸ் முதல் பவுண்டிலிருந்தே போகும். எந்த வரவு வந்தாலும் நூற்றுக்கு 25 எடுத்துத் தனி அக்கவுன்டில் போட்டுவிடு, அது உன் காசு இல்லை. மிருதங்கத்தின் தோல் மூட்டு, அதை இழுத்துக் கட்டும் வார், மைக், வாத்திய இன்சூரன்ஸ் எல்லாம் செலவில் கழியும். மைல் கணக்கில் 45 பென்ஸ் எடுத்தால் பெட்ரோல் ரசீதைத் தனியாகக் கழிக்கக் கூடாது.

கார் இல்லாமல் இரண்டு மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலில் அலைய முடியாது. விலை மலிவு என்று பழைய டீசல் கார் வாங்காதே. ஆகஸ்ட் 29, 2023-இலிருந்து லண்டன் முழுக்கப் புகைக் கட்டுப்பாட்டு எல்லை. தரம் எட்டாத வண்டி ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12 பவுண்டு 50 பென்ஸ். 2006-க்குப் பிந்தைய பெட்ரோல் கார் பெரும்பாலும் தப்பிக்கும். இன்சூரன்ஸில் 'பிசினஸ் யூஸ்' போட்டுக்கொள். சாதாரண பாலிசி வீட்டிலிருந்து ஒரே வேலையிடத்துக்குப் போய்வருவதைத்தான் மூடும். பல வீடுகளுக்கு வகுப்பெடுக்கப் போகும் வழியில் இடித்தால் கம்பெனி கை விரித்துவிடும்.

இனி மிருதங்கம். ஆடியில் குற்றாலச் சாரல் அடிக்கும்போது தென்காசிப் பக்கம் வாசித்தால் ஈரத்துக்கு வலது பக்கத் தோலான வலந்தலையின் சுருதி இறங்குமே, இங்கே குளிர்காலத்தில் நேர் எதிர். வெளியே மழை ஈரம்தான், ஆனால் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்று காய்ந்துபோகும். தோல் இறுகி சுருதி ஏறும், பலாக்கட்டை வற்றும், வலந்தலை நடுவில் உள்ள கருப்புக் கரணை பொரிந்து ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைப் பெட்டி பக்கத்தில் வை. 45-க்கும் 55-க்கும் இடையில் இருந்தால் நல்லது, 35-க்குக் கீழே போனால் அறையில் ஈரமூட்டும் கருவியைப் போடு. ரேடியேட்டர் பக்கத்தில் வைக்கவே கூடாது. ராத்திரி காரில் விடவும் கூடாது. குளிரில் கிடந்ததைச் சூடான ஹாலுக்குள் கொண்டு வந்து உடனே திறந்தால் தோலில் வியர்வை கோத்துக்கொள்ளும். அரை மணி நேரம் பெட்டியை மூடியே வைத்திருந்து, பிறகு திறந்து, அதற்கப்புறம்தான் சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் எடுக்க வேண்டும். இதனால்தான் ஹாலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போகச் சொல்கிறேன்.

இடது பக்கத் தோலான தொப்பியில் ஒட்டும் ரவை சின்ன ரவையாக இருக்கட்டும். எலுமிச்சங்காய் அளவு எடுத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசை; விரலில் ஒட்டாமல் தோலில் ஒட்டுகிற பதம். மேடை விளக்கின் சூட்டில் வர்ணம் முடிவதற்குள் ஓரம் காய்ந்து எழும்பும், 'தொம்' மேலே ஏறும். ஈரத்துணி ஒன்று முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும், பாட்டுக்கு இடையில் விரலை நனைத்து ரவையின் விளிம்பை ஒற்றி விடு. முடிந்ததும் முழுக்க வழித்து, துடைத்து, காற்றாட விட்ட பிறகே மூடு. ஒட்டிய ரவை புளித்தால் தோலைத் தின்றுவிடும்.

மூட்டு போனால் கொடுத்து வாங்க நம் ஊர் மாதிரி ஆட்கள் இங்கே தெருவுக்குத் தெரு இல்லை. வருகிறவர்கள் கையில் வலந்தலை மூட்டு இரண்டு, தொப்பி மூட்டு ஒன்று, தோல்களுக்கு இடையில் செருகும் குச்சி கொஞ்சம் எப்போதும் இருக்க வேண்டும். வகுப்புக்கு நட்டு-போல்ட் மிருதங்கம் போதும். ஸ்பானரை வைத்து நீயே மூட்டு மாற்றிக்கொள்ளலாம். மேடைக்கு மட்டும் வார் பிடித்ததை வை. அதன் நாதம் வேறு, கேட்கிறவர்களுக்கு அது தெரிகிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது. திருநெல்வேலி வானொலி நிலையத்தின் ஆடிஷன் தேர்வுக்கு விண்ணப்பித்து 'பி' கிரேடாவது வாங்கு. வாசித்த கச்சேரி அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பேப்பர் செய்தி எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வை. இங்குள்ள ஒரு கலை அமைப்பு முறைப்படி அழைத்தால், முழுநேரக் கலைஞர் வருகையாளர் விசாவில் வந்து முதல் 30 நாளுக்குள் முன்பே பேசிய நிகழ்ச்சிகளைக் காசுக்கு வாசித்துவிட்டுத் திரும்பலாம்; அதற்கு இந்தக் காகிதங்கள்தான் சாட்சி. அப்படி ஒரு கோடைக்கு வந்து பார்த்த பிறகு மற்றதை யோசிப்போம். அதுவரை ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்க வேண்டாம், வயலை ஈடு வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக அக்காவிடமும் அத்தானிடமும் சொல்லு.

உன் தக்கு மிருதங்கம் 24 அங்குலமா, அதற்கு மேலா என்று நாடா பிடித்து அளந்து எழுது. விமானத்தில் போடுகிற கெட்டிப் பெட்டி அந்த அளவுக்குப் பார்த்து, தைக்கு ஊருக்கு வருகிற சிநேகிதர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா