ஒத்து இல்லாத ஊரிலிருந்து

டென்டன், டெக்சாஸ்
நவம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா, சித்தப்பா, தங்கை எல்லோரும் நலமா? இந்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். இனி மார்ச் வரை நமக்கு இடையே பதினொன்றரை மணி நேரம். நீங்கள் காலை ஆறரைக்கு நாயனத்தின் சீவாளியை நனைக்கும்போது எனக்கு முந்தைய நாள் இரவு ஏழு மணி.

போன மாதம் தொலைபேசியில், "அங்கே ஒத்து யார் பிடிக்கிறார்கள்?" என்று கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் ஜாஸ் படிக்க இங்கே வந்த நாளிலிருந்து என்னை ஆட்டிப்படைப்பது அந்த விஷயம்தான்.

யாரும் பிடிப்பதில்லை, அப்பா. சித்தப்பா போலப் பின்னால் நின்று ஒரே சுரத்தை விடாமல் ஊத இங்கே ஆள் இல்லை. சுருதிப் பெட்டியும் கிடையாது. பேஸ் என்ற கனத்த குரல் தந்தி வாத்தியம் வாசிப்பவர் அட்சரத்துக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கிறார். அவர் எங்கே போகிறாரோ அங்கேதான் தரை. ரிதம் சேஞ்சஸ் என்று ஒன்று உண்டு. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் எழுதிய பாட்டு ஒன்றின் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, மட்டும் உருவி எடுத்து, அதன்மேல் நூற்றுக்கணக்கில் புதிய மெட்டுகள் கட்டியிருக்கிறார்கள். நான்கு அட்சரம் ஒரு ஆவர்த்தம் என்றால், அப்படி 32 சேர்ந்தது ஒரு சுற்று, கோரஸ் என்பார்கள். முதல் எட்டு ஆவர்த்தத்தில் இரண்டு அட்சரத்துக்கு ஒரு முறை கார்டு மாறும். ஒரு காந்தாரத்தைப் பிடித்து அழகு பார்க்கலாம் என்று நிற்கும்போதே அது பொருந்தாத சுரமாகிவிடுகிறது.

முதல் வாரம் ஒரு ஜாமில், அதாவது பலர் கூடி மாறி மாறி வாசிக்கும் இடத்தில், சாக்ஸபோன் வாசிக்கப் போனேன். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கற்பனை ஸ்வரம் சொல்லியா கொடுக்க வேண்டும் என்ற மிதப்பு. இரண்டு கோரஸ் வாசித்துவிட்டு அடுத்தவருக்கு விடுவது மரியாதை. ஓட்டமான காலப்பிரமாணத்தில் அது ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடம். நீங்கள் நான்கு வீதியும் தோடியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஐந்து கோரஸ் வாசித்தேன். முடிவில் தவிலுக்கு விடுவதுபோல ஒரு கோர்வை வைத்து, தாளம் தொடங்கும் சமத்தில் காலை உதைத்து நிறுத்தினேன். கணக்கு சரியாகத்தான் விழுந்தது. ஆனால் இவர்கள் தட்டுவது இரண்டாம், நான்காம் அட்சரங்களில். நான் நின்ற இடத்தில் வேறு எவரும் இல்லை. குழு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரம்ஸ் வாசித்தவர் கண்ணை மூடிச் சிரித்தார்.

பிறகு ஒரு தோழன் ஆறுதல் சொன்னான். பின்னாளில் சாக்ஸபோன் மேதையான சார்லி பார்க்கர் பதினாறு வயதில் கன்சாஸ் சிட்டியில் இப்படித் தடம் தவறியபோது, ஜோ ஜோன்ஸ் என்ற டிரம்மர் தாளத் தட்டைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தாராம். என் காலடியில் எதுவும் விழவில்லை என்ற வகையில் எனக்கு யோகம்தான்.

இங்கே பெரிய குழுக்களை லேப் பேண்ட் என்கிறார்கள். ஒத்திகை நேரம்தான் பெயர்: ஒரு மணிக் குழு, இரண்டு மணிக் குழு என்று. ஒரு மணிக் குழுதான் உச்சம். தேர்வு வைத்து என்னை ஆறு மணிக் குழுவில் போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் இந்தக் கணக்கை விளக்க வேண்டாம். ஆறு ஒன்றைவிடப் பெரியது என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

ஜாஸுக்குப் பட்டப்படிப்பு தொடங்கிய முதல் அமெரிக்கக் கல்லூரி நான் படிக்கும் இதுதான், ஆண்டு 1947. அந்தச் சொல்லுக்கு அப்போது கௌரவம் இல்லாததால் நடனக் குழு இசை என்று பெயர் வைத்தார்களாம். நம் ஊரில் சதிரின் பெயரைப் பரதநாட்டியம் என்று மாற்றிய கதை நினைவுக்கு வந்தது. இன்னொன்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். அந்த இசையை உண்டாக்கிய கறுப்பின மக்களின் பிள்ளைகள் அன்று இங்கே சேர முடியாது. இளங்கலையில் முதல் கறுப்பின மாணவி சேர்ந்தது 1956இல். தோளில் துண்டோடு வாசிக்கக் கூடாது என்று தடுத்த காலத்தைத் தாத்தா சொல்லுவாரே, அதே குரலில் இங்கேயும் யாரோ பேசியிருக்கிறார்கள்.

ஆசிரியர் நல்லவர். பார்க்கரின் வாசிப்பு ஒன்றைக் கொடுத்து, "எழுதாதே, முதலில் பாடு, பிறகு ஊது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து வயதில் நீங்கள் சொன்னதும் அதுதானே. ஆனால் பாடம் ஆனதும் விட மாட்டார். பன்னிரண்டு சுருதியிலும் வாசிக்க வேண்டும். நம்மிடம் சுருதி மாறினால் வேறு நாயனத்தை எடுப்போம். இங்கே விரலை மாற்று என்கிறார்கள். போதாக்குறைக்கு, ஆல்டோ சாக்ஸபோனில் என் விரல் "சி" பிடித்தால் காதில் விழுவது "ஈ பிளாட்".

கமகம் வைத்தால் வேக வாசிப்பில் மழுங்கிவிடுகிறது என்று ஆறு வாரம் நேர் சுரமாகவே வாசிக்க வைத்தார். நாக்கில் உப்பில்லாமல் சாப்பிட்டதுபோல் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை டியூக் எல்லிங்டன் குழுவில் ஆல்டோ வாசித்த ஜானி ஹாட்ஜஸின் ஒலிப்பதிவைப் போட்டார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிறார், அப்பா. சாட்சாத் நம் ஜாரு கமகம். "உனக்கு இது வரும், அவசரப்படாதே" என்றார்.

கல்யாண வீடுகளில் சாக்ஸபோன் வந்து நாயனத்தின் வாயில் மண் போட்டது என்று உங்களுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத்தின் தகப்பனாரும் நாயனக்காரர்தான் என்று சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள். இதையாவது கேளுங்கள். பாஸ்டனில் பிறந்த சார்லி மரியானோ என்ற ஆல்டோ வித்வான், பேர் வாங்கிய பிறகு, நம் நாயனத்தை எடுத்துக் கற்றுக்கொண்டு ஜாஸ் மேடையில் வாசித்தார். நான் எதிர்த் திசையில் வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மற்றபடி குறையில்லை. மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், நூலகத்தில் செய்கிறேன். அரிசி கிடைக்கிறது. காற்றுதான் ஓயாமல் அடிக்கிறது.

ஒரு காரியம் ஆக வேண்டும். சித்தப்பா பின்னால் நின்று ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடிப்பதை, வித்தை வராதவர் செய்யும் வேலை என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல வேண்டாம். தங்கையிடம் கைபேசியைக் கொடுத்து, சித்தப்பா ஒத்து ஊதுவதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்க வேண்டாம், தவிலும் வேண்டாம். ஒத்து மட்டும், பத்து நிமிடம்.

உங்கள் மகன்